தலைப்பு நீண்டால் பெட்டியும் நீளட்டும்: இன்டிசைனில் வளைந்துகொடுக்கும் தலைப்புப் பெட்டிகள்

பக்கம் கட்டுகிறவர்களுக்குத் தெரியும், கட்டுரை வந்துவிடும், படம் வந்துவிடும், விளம்பரம்கூட ஒருவழியாக வந்துவிடும். தலைப்பு மட்டும் கடைசியில்தான் வரும். வந்த பிறகும் இரண்டு முறை மாறும்.

ஒரு மாத இதழுக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த காலம். ஃபைல் அச்சகத்துக்குப் போக இருபது நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. "தம்பி, அந்த நூலகத் தலைப்புல 'மீண்டும்'னு ஒரு வார்த்தை சேர்த்துடுங்க." சேர்த்தேன். 'மூடிய நூலகம் திறக்குமா?' என்பது 'மூடிய நூலகம் மீண்டும் திறக்குமா?' ஆனது. கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்கியது, பெட்டியில் அடுத்த வரிக்கு இடமில்லை, எழுத்து அடங்கவில்லை என்று சொல்லும் சிவப்புக் கூட்டல் குறி ஒன்று பெட்டியின் மூலையில் சின்னதாக எட்டிப்பார்த்தது. அதை நான் பார்க்கவில்லை. இதழ் 'மூடிய நூலகம் மீண்டும்' என்ற தலைப்போடு வெளிவந்தது. கவிதை என்று நினைத்து நுழைந்தவர்களும் உண்டாம்.

அன்றிலிருந்து தலைப்புக்கு அளவு வைத்துப் பெட்டி வரைவதை விட்டுவிட்டேன். இன்னும் பார்க்காத தலைப்புக்குப் பெட்டி செய்வதுதான் நம் வேலை. அதற்கு எனக்குப் பழகிய வழி இது. மென்பொருள் இன்டிசைன். பெட்டி தானாக வளரும் வசதி 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதனால் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு பழக்கத்தை விடுங்கள்

பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள் காலத்திலிருந்து நம் ஊர் டிடிபி கடைகளில் தொடர்ந்துவரும் ஒரு முறை உண்டு. முதலில் கலர் நிரப்பிய ஒரு செவ்வகம் வரைவது, அதன்மேல் தலைப்பைத் தனி டெக்ஸ்ட் பிளாக்காக வைப்பது, பிறகு இரண்டையும் குரூப் செய்வது. பார்க்க ஒரே பெட்டி போலத்தான் இருக்கும். தலைப்பு ஒரு வரி கூடினால் எழுத்து வெளியே வழியும், கலர் அப்படியே நிற்கும். செவ்வகத்தைத் தனியாக இழுத்து, எழுத்தை மறுபடி நடுவில் வைத்து, கீழே இருக்கும் மேட்டரை (கட்டுரை எழுத்தை) நகர்த்தி என்று ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் போய்விடும்.

இன்டிசைனில் டெக்ஸ்ட் ஃப்ரேமுக்கே கலர் நிரப்பலாம், பார்டர் கொடுக்கலாம், மூலைகளை வளைக்கலாம். கலரும் எழுத்தும் ஒரே பொருளாக இருந்தால்தான் ஒன்று வளரும்போது மற்றதும் வளரும். கீழே சொல்லப்போகும் எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

மூன்று தலைப்புகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

ஃபைலைத் திறக்கும் முன், உங்கள் இதழின் பழைய இதழ்கள் நான்கைந்தை எடுத்துத் தலைப்புகளைப் புரட்டிப் பாருங்கள். மிகச் சின்னது எது, வழக்கமானது எது, ஆசிரியர் ஆசைப்பட்டு எழுதிய மிக நீளமானது எது? அந்த மூன்றையும் எழுதிவையுங்கள். நான் வைத்திருக்கும் சோதனைத் தலைப்புகள் இவை:

பனை

கடைசிப் பேருந்தின் நடத்துநர்

நிலத்தடி நீர்மட்டம் குறைந்துகொண்டேபோகும் ஊர்களில் கிணறு தோண்டுகிறவர்களின் கதை

முதலாவதில் பெட்டி வெறிச்சோடும். மூன்றாவதில் 'குறைந்துகொண்டேபோகும்' என்ற ஒற்றைச் சொல்லே இரண்டு பத்தி அகலத்தை ஏறக்குறைய அடைத்துவிடும். ஆங்கிலத் தலைப்புக்குச் செய்யப்பட்ட டெம்பிளேட்டைத் தமிழுக்கு எடுத்துவந்தால் முதலில் உடைவது இந்த இடத்தில்தான். நம் சொற்கள் ஒட்டிக்கொண்டே நீளும். ஆங்கில டெம்பிளேட் செய்தவருக்கு அந்தக் கவலை இருந்திருக்காது.

பக்கக் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஏ4 பக்கம், நாலாபுறமும் 15 மில்லிமீட்டர் மார்ஜின், மூன்று பத்தி, பத்திகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேட்டர் ஓடும் அகலம் 180. அதில் இரண்டு இடைவெளி போக மீதி 170; ஒரு பத்திக்கு 56.67 மில்லிமீட்டர். இரண்டு பத்தி அகலத் தலைப்புப் பெட்டி என்றால் 118.33.

பாடி மேட்டரின் லீடிங், அதாவது ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கான தூரம், 14 பாயின்ட் என்று கொள்வோம். இந்த 14 முக்கியம். தலைப்பின் லீடிங்கை நான் எப்போதும் இதன் மடங்காகவே வைப்பேன். பெரிய தலைப்பு 44-க்கு 56 (எழுத்தளவு 44, லீடிங் 56), நடுத்தரம் 32-க்கு 42, சின்னது 22-க்கு 28. நடுத்தரத் தலைப்பு ஒரு வரி கூடினால் பெட்டி சரியாக 42 பாயின்ட் வளரும், கீழே இருக்கும் மேட்டர் சரியாக மூன்று வரி இறங்கும். மேட்டர் பேஸ்லைன் கிரிட்டில் (எழுத்துகள் அமரும் சம இடைவெளிக் கோடுகளில்) பூட்டியிருந்தால் தலைப்புக்கும் மேட்டருக்கும் இடையிலுள்ள வெள்ளை எத்தனை வரித் தலைப்பு வந்தாலும் மாறாது. 40 என்று வைத்துப் பாருங்கள், ஒரு பக்கத்தில் இடைவெளி நெருங்கியிருக்கும், அடுத்த பக்கத்தில் பிளந்துகொண்டிருக்கும். ஏன் என்று தெரியாமல் எல்லாரும் கையால் நகர்த்திக்கொண்டிருப்பார்கள்.

தமிழுக்கு லீடிங் தாராளமாகவே வேண்டும். மேல் வரியில் 'ழு', 'ரு' போன்றவை கீழே கால் நீட்ட, கீழ் வரியில் 'தீ', 'வி' மேலே கொக்கி தூக்க, இரண்டும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவில் 1.3 மடங்கு பக்கம் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

பாராகிராஃப் ஸ்டைல்: பெட்டிக்கு முன் எழுத்து

பெட்டியைத் தொடும் முன் தலைப்புக்கான பாராகிராஃப் ஸ்டைலை (எழுத்தளவு, லீடிங் போன்ற அமைப்புகளை ஒரே பெயரில் சேர்த்துவைப்பது) முடித்துவிடுங்கள். 'தலைப்பு-நடு' என்று பெயர் வைத்து 32-க்கு 42 கொடுங்கள். அப்புறம் இந்த நான்கு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசர் என்று இருக்கும், எழுத்துகளை வரியில் கோக்கும் முறை அது. அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். யூனிகோட் தமிழுக்கு இது கட்டாயம். இல்லையென்றால் 'கொ' என்று அடித்தால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் உட்காரும்.

இரண்டு, ஹைபனேஷனை அணைத்துவிடுங்கள். குறிப்பாகப் பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்களில் வேலை செய்பவர்கள். அந்த ஃபான்ட்களில் மென்பொருளுக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகள் மட்டுமே. அது தன் ஆங்கில அகராதியை வைத்து நம் சொல்லை எங்காவது வெட்டி ஒரு கோடும் போட்டுவிடும்.

மூன்று, இன்டென்ட்ஸ் அண்ட் ஸ்பேசிங் பகுதியில் பேலன்ஸ் ரேக்ட் லைன்ஸ் என்ற டிக். நீளமான முதல் வரி, அடியில் தனியாகத் தொங்கும் ஒரு சொல் என்று இல்லாமல் வரிகளை ஏறக்குறைய சமமாகப் பிரித்துத் தரும். இடப்பக்கம் ஒட்டிய தலைப்புக்கும் நடுவில் நிற்கும் தலைப்புக்கும் இது வேலை செய்யும்.

நான்காவது எனக்குப் பிடித்தது. கடைசி இரண்டு சொற்கள் பிரியக் கூடாது என்று ஸ்டைலுக்கே சொல்லிவிடலாம். 'உடையாதே' என்று ஒரு கேரக்டர் ஸ்டைல் செய்து, அதில் நோ பிரேக் மட்டும் டிக் செய்யுங்கள். பிறகு தலைப்பு ஸ்டைலின் கிரெப் ஸ்டைல் (குறிப்பிட்ட அமைப்பில் உள்ள சொற்களைத் தேடி ஸ்டைல் போடும் வசதி) பகுதிக்குப் போய் அந்தக் கேரக்டர் ஸ்டைலைத் தேர்ந்து, டு டெக்ஸ்ட் என்ற இடத்தில் இதை அடியுங்கள்:

[^ ]+ [^ ]+$

இடைவெளி அல்லாத எழுத்துகள், ஓர் இடைவெளி, மீண்டும் இடைவெளி அல்லாத எழுத்துகள், அதோடு பாராகிராஃப் முடிவு என்று இதற்குப் பொருள். 'தோண்டுகிறவர்களின் கதை' எப்போதும் சேர்ந்தே இருக்கும். 'கதை' மட்டும் அனாதையாகக் கீழே விழாது. ஆனால் எச்சரிக்கை: கடைசி இரண்டு சொற்களும் சேர்ந்து பெட்டியின் அகலத்தைத் தாண்டினால் அவற்றை வைக்க இடம் கிடைக்காமல் எழுத்து மறைந்துவிடும். ஒரு பத்தி அகலத் தலைப்புகளுக்கு நான் இதைப் பயன்படுத்துவதில்லை.

நடுவில் வரும் மிக நீளச் சொல்லுக்கு வேறு வைத்தியம். 'குறைந்துகொண்டே' என்பதற்கும் 'போகும்' என்பதற்கும் நடுவில் கர்சரை வைத்து, டைப் மெனுவில் இன்சர்ட் பிரேக் கேரக்டர் வழியாக டிஸ்க்ரீஷனரி லைன் பிரேக் கொடுங்கள். வரி உடைய வேண்டியிருந்தால் அந்த இடத்தில் உடையும், வேண்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. ஷிஃப்ட்-என்டர் அடித்து வரியை உடைக்கிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. அது அந்த அகலத்துக்கு மட்டுமே சரி; நாளை பெட்டியை மூன்று பத்திக்கு விரித்தால் வரி நட்டநடுவில் ஒடிந்து நிற்கும். (ஆசிரியரிடம் 'குறைந்துகொண்டே போகும்' என்று இடைவெளி விட்டு எழுதலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். நான் கேட்டிருக்கிறேன். இலக்கண வகுப்பு கிடைத்தது.)

எந்தப் பக்கம் அசையக் கூடாது?

இப்போது பெட்டி. டெக்ஸ்ட் ஃப்ரேமை இரண்டு பத்தி அகலத்துக்கு வரையுங்கள். உயரம் எவ்வளவாக இருந்தாலும் பரவாயில்லை. ஆப்ஜெக்ட் மெனுவில் டெக்ஸ்ட் ஃப்ரேம் ஆப்ஷன்ஸ், அல்லது கன்ட்ரோலோடு பி. அதில் ஆட்டோ-சைஸ் என்ற தாவல்.

தேர்வுகள் ஐந்து: ஆஃப், உயரம் மட்டும், அகலம் மட்டும், இரண்டும், விகிதம் மாறாமல் இரண்டும். கட்டுரைத் தலைப்புக்கு உயரம் மட்டும்தான். அகலம் பத்திகளோடு கட்டுப்பட்டது, அது நகரக் கூடாது.

பக்கத்திலேயே ஒன்பது புள்ளிகள் கொண்ட கட்டம் இருக்கும். நிறையப் பேர் இதைத் தொடாமல் போய்விடுகிறார்கள். பெட்டி எந்தப் பக்கம் வளர வேண்டும் என்பதை முடிவு செய்வது இதுதான். நீங்கள் தேர்ந்தெடுக்கும் புள்ளி அசையாது, எதிர்ப்பக்கம் வளரும். தலைப்பு பக்கத்தின் உச்சியில் இருந்தால் மேல்வரிசைப் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள், பெட்டி கீழ்நோக்கி இறங்கும். தலைப்பு ஒரு படத்தின் அடிப்பகுதியில், படத்தின் மேலேயே அமர்ந்திருக்கிறதா? கீழ்வரிசைப் புள்ளி. தலைப்பு நீண்டால் பெட்டி மேல்நோக்கி ஏறும், அடி விளிம்பு படத்தின் விளிம்போடு அப்படியே நிற்கும். நடுப்புள்ளியை அட்டை மாதிரி முழுப்பக்க வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வளர்வதால் மேலும் கீழும் எதையாவது போய் இடிக்கும்.

புதிதாக ஒரு லே-அவுட் வரும்போது பென்சிலால் ஒரு பெட்டி போட்டு, அசையக் கூடாத விளிம்பின்மேல் தடித்த கோடு போட்டுக்கொள்வேன். அது தெரிந்தால் மற்ற அமைப்புகள் தாமாகவே விழும்.

கலர் இல்லாத தலைப்புக்குக் குறைந்தபட்ச உயரம் தேவையில்லை. கலர் பெட்டிக்கு வேண்டும். இல்லாவிட்டால் 'பனை' என்ற தலைப்புக்குப் பெட்டி ஒல்லியான பட்டையாகிவிடும். இரண்டு வரித் தலைப்பை வைத்து வரும் உயரத்தையே குறைந்தபட்சமாகக் கொடுத்துவிடுங்கள். ஒரு வரி வந்தாலும் இரண்டு வரி இடம் இருக்கும். மூன்றாவது வரியிலிருந்து 42, 42 ஆக வளரும். வெர்டிகல் ஜஸ்டிஃபிகேஷனை சென்டரில் வையுங்கள்.

நடுவில் வைத்தும் நடுவில் நிற்காத எழுத்து

சென்டர் கொடுத்தாயிற்று, நாலாபுறமும் ஒரே இன்செட் (விளிம்புக்கும் எழுத்துக்கும் நடுவே விடும் இடம்) கொடுத்தாயிற்று, ஆனாலும் தலைப்பு கலர் பெட்டிக்குள் சற்றுக் கீழே தள்ளினாற்போலத் தெரியும். தமிழ்ப் பக்கங்களில் இதை எங்கும் பார்க்கலாம். குற்றம் உங்கள் கண்ணில் இல்லை.

இன்டிசைன் பெட்டியின் மேல் விளிம்பிலிருந்து முதல் வரியை எவ்வளவு இறக்கி வைப்பது என்பதை ஃபான்டைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. வழக்கமான அமைப்பு அசென்ட். ஃபான்ட் செய்தவர் மேலே எவ்வளவு இடம் என்று எழுதிவைத்திருக்கிறாரோ அவ்வளவு. தமிழ் ஃபான்ட்கள் பலவற்றில் கொக்கிகளுக்கும் சுழிகளுக்கும் இடம்விட்டு இந்த எண் தாராளமாக இருக்கும். இரண்டு ஃபான்ட்களில் ஒரே இடமாகவும் இருக்காது. கேப் ஹைட் என்ற இன்னொரு தேர்வு ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தைப் பார்க்கிறது. நம் 'க'-வுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் அளந்து நாமே எண் கொடுப்பதுதான் வழி. 32 பாயின்டில் 'கி' என்று அடியுங்கள். பக்கத்தில் ஒரு மெல்லிய செவ்வகம் வரைந்து, பேஸ்லைனிலிருந்து கொக்கியின் உச்சிவரை உயரம் எவ்வளவு என்று கன்ட்ரோல் பேனலில் பாருங்கள். நான் பயன்படுத்தும் ஃபான்டில் 26 பாயின்ட் வந்தது. டெக்ஸ்ட் ஃப்ரேம் ஆப்ஷன்ஸில் பேஸ்லைன் ஆப்ஷன்ஸ் தாவலுக்குப் போய், ஃபர்ஸ்ட் பேஸ்லைனில் ஃபிக்ஸ்ட் என்று மாற்றி, 26 கொடுத்தேன். இப்போது பெட்டியின் மேல் விளிம்புக்கும் கொக்கிக்கும் இடையில் இருப்பது நான் கொடுத்த இன்செட் மட்டுமே.

ஆனால் அடியில் அப்படிக் கைவைக்க வழியில்லை. கடைசி வரிக்குக் கீழே ஃபான்டின் சொந்த இறக்கம் ஒன்று இருந்தே தீரும். அதனால் இன்செட்டில் மேலே 9, கீழே 5 என்று ஏறுமாறாகக் கொடுத்துக் கண்ணுக்குச் சமமாக்குவேன். நான்கு பக்கத்தையும் ஒன்றாகக் கட்டும் சங்கிலிப் படத்தை அவிழ்த்துவிட்டால் தனித்தனியாக எண் கொடுக்கலாம். இடமும் வலமும் 11 பாயின்ட்.

இந்த 26 என்ற எண் பெட்டியின் அமைப்பு, பாராகிராஃப் ஸ்டைலுக்குள் போகாது. ஆக 44 பாயின்ட் தலைப்புக்கும் 22 பாயின்ட் தலைப்புக்கும் தனித்தனிப் பெட்டி அமைப்பு வேண்டும். அதே விகிதத்தில் எனக்கு 36-உம் 18-உம் வந்தன.

கீழே உள்ள மேட்டர் தானாக நகர

பெட்டி வளர்கிறது, சரி. அடியில் இருக்கும் கட்டுரை நகராவிட்டால் தலைப்பு அதன்மேல் ஏறி உட்காரும். இதற்கு டெக்ஸ்ட் ராப், அதாவது ஒரு பொருளைச் சுற்றி எழுத்தை விலகவைக்கும் வசதி. தலைப்புப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, டெக்ஸ்ட் ராப் பேனலில் இரண்டாவது படமான பவுண்டிங் பாக்ஸைச் சுற்றி என்பதைக் கொடுங்கள். கீழ்ப்பக்கம் மட்டும் 7 பாயின்ட் ஆஃப்செட், மற்றவை சுழியம். கட்டுரையின் மூன்று பத்தி ஃப்ரேமைப் பக்கத்தின் உச்சியிலிருந்தே முழுதாகப் போட்டுவிடுங்கள். தலைப்புப் பெட்டி முதல் இரண்டு பத்திகளின்மேல் அமர, மேட்டர் அதன் அடியிலிருந்து தொடங்கும். தலைப்பு வளர்ந்தால் மேட்டர் இறங்கும், சுருங்கினால் ஏறும். வலப்பக்க ஆஃப்செட்டை 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றிவிட்டால் மூன்றாவது பத்தியின் எழுத்தையும் தள்ளிவிடும், கவனம்.

கூடவே இன்னொன்று. தலைப்புப் பெட்டியின் டெக்ஸ்ட் ஃப்ரேம் ஆப்ஷன்ஸில் இக்னோர் டெக்ஸ்ட் ராப் என்பதை டிக் செய்துவிடுங்கள். படத்துக்கு ராப் கொடுத்துவிட்டு அதன்மேல் தலைப்பை வைத்தால், படம் தலைப்பையும் துரத்திவிடும். 'எழுத்து மாயமாகிவிட்டது' என்று வரும் போன்களில் பாதிக்குக் காரணம் இதுதான்.

எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில்

இதுவரை செய்த அமைப்புகளை ஒவ்வொரு பெட்டிக்கும் திரும்பச் செய்ய முடியாது. ஆப்ஜெக்ட் ஸ்டைல் பேனலைத் திறந்து, பெட்டி தேர்வில் இருக்கும்போதே புதிய ஸ்டைல் போடுங்கள். கலர், மூலை, இன்செட், ஃபர்ஸ்ட் பேஸ்லைன், ஆட்டோ-சைஸ், ராப் எல்லாம் அதில் ஏறிவிடும். இடப்பக்கப் பட்டியலில் பாராகிராஃப் ஸ்டைல்ஸ் என்பதை மட்டும் நீங்கள் டிக் செய்ய வேண்டியிருக்கும்.

அங்கேயே அப்ளை நெக்ஸ்ட் ஸ்டைல் என்று ஒரு டிக் உண்டு. பெட்டிக்குள் முதலில் 'நேர்காணல்' போன்ற மேல்வரி, அடுத்து தலைப்பு, அடுத்து எழுதியவர் பெயர் என்று மூன்று பாராகிராஃப்கள் வரும் என்றால், மேல்வரி ஸ்டைலின் அடுத்த ஸ்டைலாகத் தலைப்பையும், தலைப்பின் அடுத்த ஸ்டைலாகப் பெயரையும் குறித்துவையுங்கள். ஆப்ஜெக்ட் ஸ்டைலில் முதல் ஸ்டைலாக மேல்வரியைக் கொடுத்து இந்த டிக்கைப் போட்டால், வெறும் எழுத்தாக ஒட்டிய மூன்று வரிகளும் ஒரே கிளிக்கில் உடை மாற்றிக்கொள்ளும். பெயர் தலைப்புப் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் தலைப்பு வளரும்போது அதுவும் சேர்ந்து இறங்கும். மேல்வரியோடு தொடங்கும் பெட்டியில் முதல் வரி அதுதான் என்பதால், ஃபர்ஸ்ட் பேஸ்லைன் எண்ணை அதன் எழுத்தளவுக்கு அளந்து கொடுக்க வேண்டும். மேல்வரி, பெயர் இரண்டின் லீடிங்கையும் 14 வைத்தால் கணக்கு கெடாது.

தலைப்புக்கு அடியில் ஒரு கோடு வேண்டுமென்றால் லைன் டூலால் வரையாதீர்கள், அது பெட்டியோடு வளராது. தலைப்பு ஸ்டைலில் ரூல் பிலோ கொடுங்கள். அதன் அகலம் டெக்ஸ்ட் என்று இருந்தால் கடைசி வரியின் நீளத்துக்குத்தான் கோடு வரும். காலம் (Column) என்று மாற்றினால் பெட்டி அகலம் முழுவதும் ஓடும்.

மூன்று அளவுக்கும் மூன்று ஆப்ஜெக்ட் ஸ்டைல்: பெரியது, நடு, சின்னது. தலைப்பு இடத்தில் அடங்காதபோது 32-ஐ 31 ஆக்கி, 30.5 ஆக்கி, அகலத்தை 94 சதவீதம் அமுக்கி என்று பிசையும் கை நம் எல்லாருக்கும் உண்டு. அமுக்கிய தமிழ் எழுத்தைப் படிக்கும்போது அதன் மூச்சுத் திணறல் தெரியும். அடங்காவிட்டால் அடுத்த ஸ்டைலுக்கு இறங்குங்கள். விண்டோஸில் கன்ட்ரோலோடு நம்பர் பேட் எண்ணை ஸ்டைலுக்கு ஷார்ட்கட்டாக வைக்கலாம். லேப்டாப்பில் நம்பர் பேட் இல்லாதவர்கள் ஒரு குட்டி யுஎஸ்பி பேட் வாங்கிவிடலாம்.

சின்ன லேபிள்கள்

'மருத்துவம்', 'கதை', 'சுற்றுச்சூழல்' என்று பக்கத்தின் தலையில் வரும் குட்டிக் கலர் பட்டைகளுக்கு நேர்மாறான அமைப்பு: உயரமும் அகலமும் இரண்டும், கூடவே நோ லைன் பிரேக்ஸ் டிக். அந்த டிக் இல்லாவிட்டால் வரியை எங்கே உடைப்பது என்று பெட்டிக்குத் தெரியாமல் கோணல்மாணலாக நிற்கும். இடப் பக்கங்களில் இடப்புள்ளி, வலப் பக்கங்களில் வலப்புள்ளி. லேபிள் எப்போதும் வெளி மார்ஜினைப் பிடித்துக்கொண்டு உள்நோக்கி வளரும். 'கதை' என்பது பொட்டு மாதிரி ஆகிவிடாமல் இருக்கக் குறைந்தபட்ச அகலம் 22 மில்லிமீட்டர்.

பெட்டியே இல்லாத பெட்டி

புத்தகங்களிலும் நீண்ட அறிக்கைகளிலும் உள்தலைப்புகள் மேட்டரோடு சேர்ந்து ஓடும். அவற்றுக்குத் தனி ஃப்ரேம் போடாதீர்கள். முன்னால் நான்கு வரி கூடினால் நாற்பது பெட்டிகளை நகர்த்த வேண்டிவரும். பாராகிராஃப் ஷேடிங் போதும். ஸ்டைலிலேயே பின்னணிக் கலர், நாலாபுற ஆஃப்செட் எல்லாம் கொடுத்துவிடலாம், தலைப்பு போகுமிடமெல்லாம் கலரும் போகும். இது 2015 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதற்கு முன் தடிமனான ரூலை எழுத்துக்குப் பின்னால் தள்ளி இதே வேலையைச் செய்துகொண்டிருந்தோம். பல பத்திகளைத் தாண்டி விரிய வேண்டுமானால் அதே ஸ்டைலில் ஸ்பான் காலம்ஸ்.

ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிப் பட்டை, வரி நீளத்துக்கேற்ற நீளம் என்ற டிசைன் இப்போது பிரபலம். ஷேடிங் அதைத் தராது, எல்லா வரிக்கும் ஒரே செவ்வகம்தான். அதற்கு அண்டர்லைனைப் பயன்படுத்தலாம். 32 பாயின்ட் எழுத்துக்கு 36 பாயின்ட் தடிமனில் அண்டர்லைன், ஆஃப்செட்டில் மைனஸ் 8-இலிருந்து தொடங்கி கண் பார்த்து நகர்த்துங்கள். அண்டர்லைன் எழுத்துக்குப் பின்னால்தான் வரும். தடிமனை லீடிங்குக்குக் குறைவாகவே வையுங்கள். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் மேல் வரியின் 'ழு' கால் வெட்டுப்படும்.

வளரும் பெட்டி எச்சரிக்காது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் பழைய நூலகத் தலைப்பைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அந்தச் சிவப்புக் கூட்டல் குறி. உயரம் வளரும் பெட்டியில் அது அநேகமாக வராது, ஏனென்றால் எழுத்து வழிவதே இல்லை. பெட்டி வளர்ந்துகொண்டே போகும். ஆட்டோ-சைஸில் குறைந்தபட்சம் கொடுக்கலாம், அதிகபட்சம் கொடுக்க இடமில்லை. ஆறு வரித் தலைப்பு வந்தால் பெட்டி படத்தின்மேல் ஏறும், விளம்பரத்தின்மேல் ஏறும், பக்கத்தை விட்டே இறங்கும். கீழே ப்ரீஃப்ளைட் விளக்கு (ஃபைலில் பிழை இருந்தால் காட்டும் பொட்டு) தலைப்புக்காகச் சிவக்காது. தலைப்பு தள்ளிவிட்டதில் கட்டுரையின் கடைசி வரிகள் வழிந்தால் மட்டும் சிவக்கும். அப்போது நாம் கட்டுரையில்தான் தப்பைத் தேடிக்கொண்டிருப்போம்.

நான் செய்வது இது. மாஸ்டர் பேஜில் (எல்லாப் பக்கத்துக்கும் அடிப்படையான பக்கம்; புதிய பதிப்புகளில் பேரன்ட் பேஜ்) தலைப்பு இறங்கக்கூடிய எல்லையில் ஒரு கைடு இழுத்து வைத்திருக்கிறேன், மேலிருந்து 70 மில்லிமீட்டரில். ஃபைல் அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுப்பக்கமாக வைத்து, அந்தக் கோட்டைத் தலைப்பு தாண்டியிருக்கிறதா என்று மட்டும் ஒரு சுற்று பார்ப்பேன். 48 பக்கத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

சோதனை

ஆரம்பத்தில் எழுதிவைத்த மூன்று தலைப்புகளையும் இப்போது ஒவ்வொன்றாகப் பெட்டியில் ஒட்டுங்கள். 'பனை' போட்டதும் கலர் பெட்டி ஒல்லியாகிறதா? நடுத்தரத் தலைப்பில் வரிகள் சமமாக இருக்கின்றனவா? கிணறு தலைப்பில் நீளச் சொல் சரியான இடத்தில் உடைகிறதா, மேட்டர் மூன்று மூன்று வரியாக இறங்குகிறதா, 70 மில்லிமீட்டர் கோட்டைத் தாண்டுகிறதா? தாண்டினால் சின்ன ஸ்டைலுக்கு மாற்றிப் பாருங்கள்.

பிறகு பிடிஎஃப் எடுத்து 100 சதவீதத்தில் பிரின்ட் போட்டு, மேஜையில் வைத்து நின்றபடி பாருங்கள். திரையில் 26 பாயின்டும் 28 பாயின்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தாளில் அந்த இரண்டு பாயின்ட் தலைப்பைக் கீழே தள்ளியிருப்பது தெரிந்துவிடும்.

ஸ்க்ரைபஸ் என்ற இன்னொரு பக்கம் கட்டும் மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு: 2024-இல் வந்த 1.6 பதிப்பில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வருகிறது, ஸ்டைல்களும் ராப்பும் இருக்கின்றன. ஆனால் பெட்டி தானாக வளராது. தலைப்பை மாற்றிய ஒவ்வொரு முறையும் பெட்டியின் உயரத்தை எழுத்துக்குப் பொருத்தும் கட்டளையைக் கையால் கொடுக்க வேண்டும். அங்கே சிவப்புக் குறியைப் பார்க்கும் வேலை இன்னும் உங்களுடையதுதான்.